73 வயதில் என் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசும் நண்பர்கள், கோயிலில் பார்க்கும் தெரிந்தவர்கள், தஞ்சாவூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடும் மச்சான் எல்லாரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். 67 வயது வரை கப்பல் பட்டறையில் வேலை பார்த்தேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை. என் டாக்டரிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் கேட்டு, செய்து பார்த்து, எனக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் உடற்பயிற்சி எப்படி ஆரம்பித்தது?

வேலையை விட்டபின் ஒரு வருடம் சோபாவை விட்டு நான் அதிகம் எழவில்லை. இத்தனை வருடம் ஏணி ஏறி இறங்கியாயிற்று, இனி ஓய்வுதான் என்று இருந்தேன். அப்புறம் தம்பி மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். ஹோமத்துக்குப் பாய் விரித்து எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். முடிந்ததும் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், சுவரைப் பிடித்துப் பார்த்தேன். தொடையில் பலமே இல்லை. இரண்டு பையன்கள் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

வலி ஒன்றும் இல்லை, விழவும் இல்லை. ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. வீட்டில் நானும் மனைவியும்தான். அவளுக்கு மூட்டு வலி. நான் தரையில் விழுந்தால் யார் தூக்குவது?

அன்று முதல் எனக்கு ஒரே குறிதான்: யார் கையையும் பிடிக்காமல் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். எடை குறைப்பது, அடிகளை எண்ணுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?

ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். உடனே எழுந்து நிற்க மாட்டேன். கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைப்பேன். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வயதானவர்கள் பலர் விழுவது அந்த நேரத்தில்தான்.

எழுந்தாலும் 6.45க்கு முன்னால் வெளியே இறங்குவதில்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7 மணி ஆகிவிடும். 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அதற்கு முன் ஆறரைக்கே விடிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருட்டில் மரத்தின் வேர் தெரியாது, ஈர இலை தெரியாது. கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று காத்திருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

எங்கே நடக்கிறீர்கள்? எவ்வளவு?

ஈசூன் குளத்தைச் சுற்றி. கூ டெக் புவாட் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் போனால் கொக்கு நிற்கும், சில நாள் உடும்பு நீந்தும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உலகமெங்கும் சொல்லப்படும் அளவு, இங்கேயும் அதுதான். மிதமானது என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கலாம். பேச்சே வரவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மழையோ இடியோ வந்தால் குளத்துப் பக்கம் போவதில்லை. இந்த ஊர் மின்னலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூரை போட்ட நடைபாதையிலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் நடப்பேன். புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்ப்பேன். 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது என்று கணக்கு. அன்று நடை வீட்டுக்குள்ளேதான். 2013 ஜூனில் அது 400ஐத் தாண்டிய நாளை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

10,000 அடி நடக்க வேண்டாமா?

வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவர்கள் அளந்து சொன்னதில்லை. நீங்கள் இப்போது 3,000 அடி நடக்கிறீர்கள் என்றால் 4,000 ஆக்குங்கள். அதிலேயே நன்மை உண்டு.

தினமும் நடக்கிறேன். அது போதாதா?

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். போதாது. கீழ்த்தளத்தில் என்னோடு உட்காருபவர்களில் பாதிப்பேர் தினமும் நடக்கிறார்கள், ஆனால் கல்மேசையை விட்டு எழும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுகிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. தொடைக்கும் பிட்டத்துக்கும் பலம் வர வேண்டுமானால் அந்தத் தசைக்குச் சுமை கொடுக்க வேண்டும். வயதாக ஆகத் தசை தானாகக் கரையும். படுத்தே கிடந்தால் இன்னும் வேகமாகக் கரையும். காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள இரண்டு வழி இருக்கிறது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்று 2019இல் ஆசிய நாட்டு மருத்துவர்கள் குழு ஒன்று வகுத்த அளவுகோல் சொல்கிறது. இன்னொன்று, கெண்டைக்காலின் தடித்த இடத்தைத் தையல் நாடாவால் அளப்பது. ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33க்கும் கீழே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் முறை நாற்காலியில் எனக்கு 19 விநாடி ஆனது. இப்போது 10.

என் பயிற்சிக்கு ஒரு சாமானும் வாங்கவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிவைத்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவேன். கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு பத்து. எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்ய வேண்டும். மூன்று வரை எண்ணிக்கொண்டே இறங்குங்கள், தொப்பென்று விழுந்தால் பயன் பாதி போய்விடும். அப்புறம் சுவரில் கை வைத்துத் தள்ளுவது. 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தில் நாலு நடை. இதை வாரத்தில் மூன்று நாள் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்கிறேன். நடுவே விடும் நாளில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

பால் காயும்போது அடுப்பு மேடையை லேசாகப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன், பிறகு ஒற்றைக் காலில் நிற்பேன். இது தினமும். பால் பொங்குவதற்குள் இரண்டு காலும் முடிந்துவிடும்.

தரையிலிருந்து எழுவதற்கு என்ன முறை?

எனக்குக் கற்றுக்கொடுத்தபடியே சொல்கிறேன். முதல் சில வாரம் பக்கத்தில் ஆள் இருக்கட்டும், கைக்கு எட்டும் தூரத்தில் அசையாத நாற்காலி ஒன்று இருக்கட்டும்.

சம்மணம் போட்டபடியே நேராக எழ முயல வேண்டாம். முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி இரண்டு உள்ளங்கையையும் தரையில் வையுங்கள். அப்படியே முழங்காலுக்கு வாருங்கள், குழந்தை தவழும் நிலை. நாற்காலிக்குத் தவழ்ந்து போய் அதன் இருக்கையில் கைகளை வையுங்கள். பலமான காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தை முழுதாகத் தரையில் ஊன்றுங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அந்தக் காலால் தரையை அழுத்தி எழுங்கள். மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும். எழுந்ததும் நடக்காமல் பத்து விநாடி நில்லுங்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு நாற்காலிக்குப் பதில் முக்காலி வைத்தேன். அப்புறம் என் தொடையிலேயே கையை ஊன்றினேன். கை ஊன்றாமல் எழ எனக்கு ஏழு மாதம் ஆனது.

மூட்டு வலி இருந்தால்?

முழங்கால் தேய்மானத்துக்கு அசையாமல் இருப்பது மருந்தாகாது. தொடைத் தசை பலமானால் மூட்டின் சுமை குறையும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கிக்கொண்டு தொடங்குங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, வலி மறுநாளும் கூடிக்கொண்டே போனாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சாப்பிட்டவுடன் நடக்கலாமா?

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மிகவும் நல்லது. உண்டு கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால், ஏறும் சர்க்கரையைக் கால் தசை எடுத்துக்கொள்ளும். நான் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேரனைத் தொடக்கப்பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகிறேன். போக வரப் பதினெட்டு நிமிடம். பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும் புத்தகப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவான். அந்தக் கனமும் பயிற்சிதான், அதனால் அவன் அம்மா அவனைக் கண்டிக்கும்போது விடச் சொல்லிவிடுவேன்.

ஒன்று மட்டும் கவனம். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிபிசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் நடந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அது அபூர்வம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உட்கார்ந்து சோதியுங்கள். 4 mmol/Lக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சோதிக்க வழியில்லை என்றால் முதலில் இனிப்பைச் சாப்பிட்டுவிடுங்கள். என் சட்டைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும்.

கோப்பிக்கடையை விட்டுவிட்டீர்களா?

இல்லை. அங்கேதானே நண்பர்கள் இருக்கிறார்கள்! கோப்பி ஓ கோசோங்குக்கு மாறிவிட்டேன். சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பி முதல் மாதம் கசந்தது, பிறகு பழகிவிட்டது. முடியாதவர்கள் சியு தாய் என்று சொல்லிச் சர்க்கரையைக் குறைத்துக் கேளுங்கள். பிராட்டா ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒன்று.

சாப்பாட்டில் நம் வீடுகளில் விட்டுப்போவது புரதம். காலையில் இட்லி, சட்னி. மதியம் சோறு, ரசம். இரவு மறுபடி தோசை. இதில் தசைக்கு என்ன கிடைக்கும்? வயதானவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். நான் 65 கிலோ. ஒரு முட்டையில் 6 கிராம்தான். அதனால் மூன்று வேளையும் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: முட்டை, கெட்டிப் பருப்பு, மீன், சுண்டல், தாவ்க்வா என்ற கெட்டி சோயாக் கட்டி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

பகலில் தூங்கலாமா?

தூங்குகிறேன், 2.30க்கு, இருபது நிமிடம், அலாரம் வைத்து. மூன்று மணிக்குமேல் தூங்கினாலோ ஒரு மணி நேரம் நீண்டாலோ இரவுத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் வராத நாளில் ஒலி 96.8 வானொலி கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பேன். ஓய்வு என்பதும் வேளைக்குச் செய்ய வேண்டிய காரியம் என்று இப்போது நம்புகிறேன். பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் கால் நீட்டுவதே சோம்பல் என்று நினைப்பேன், அது தப்பு.

செம்பவாங் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்தால் நல்லதா?

எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் கேள்வி. 2020இல் பூங்காவைப் புதுப்பித்துத் திறந்ததிலிருந்து கூட்டம். ஊற்றுத் தண்ணீர் சுமார் 70 டிகிரியில் வருகிறது, படிப்படியாக ஆறித்தான் கால் நனைக்கும் இடத்துக்கு வருகிறது. ஆரோக்கியமான கால் உள்ளவர்களுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் நீண்ட நாள் சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தயவுசெய்து இறங்காதீர்கள். சூடு தெரியாது, தோல் வெந்துபோவது தெரியாது, அந்தப் புண் ஆறாது. நான் பெஞ்சில் உட்கார்ந்து பேரனுக்குத் துண்டு பிடிப்பதோடு சரி.

இதே காரணத்தால் தினமும் இரவு பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். கொப்புளம், வெடிப்பு, விரலிடுக்கில் ஈரம். ஒரு நிமிட வேலை.

வீட்டு வேலையெல்லாம் நீங்கள் செய்கிறீர்களாமே?

ஆமாம். இதைச் சிலர் ஒரு மாதிரியான குரலில் கேட்கிறார்கள். நாற்பது வருடத்துக்குமேல் என் மனைவி செய்தாள், இப்போது அவள் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. இதில் விளக்க ஒன்றும் இல்லை.

கூட்டுவது, துடைப்பது, துணி காயப்போடுவது என் பொறுப்பு. சமையல் அவளுடையது, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது என்னுடையது. மாவு வழிக்கும்போது கல்லைக் குனிந்து இடுப்பால் தூக்காமல், முழங்காலை மடக்கி உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குகிறேன். கப்பலில் சங்கிலி தூக்கக் கற்றுக்கொண்ட அதே வித்தை. வாசலில் பொதுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை, துளசி, இரண்டு மல்லிகைத் தொட்டிகள். நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் எல்லாம் சுவரோரம் ஒரே வரிசை. தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டிவிடுவேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும்.

வேலை விட்டபின் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, நாளில் எந்த இடத்திலும் நான் தேவைப்படவில்லை என்பதுதான். இப்போது 1.30க்குப் பள்ளி வாசலில் ஒருவன் காத்திருக்கிறான், நாலு மணிக்குத் துணியை எடுக்க வேண்டும். மாத்திரை செய்ததைவிட இது எனக்கு அதிகம் செய்திருக்கிறது.

இரவில் விழாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

குளியலறையில் பிடிகம்பி போட்டோம், வழுக்காத தரை செய்தோம். வீட்டை முதியோருக்குப் பாதுகாப்பாக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஈஸ் திட்டத்தில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருக்கும் சிங்கப்பூரர் வீடுகளுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மூவறை வீட்டுக்கு நாம் தருவது 5 விழுக்காடு, நாலறைக்கு 7.5. இதைப் போட வெட்கப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். கம்பி போட்டால் வயசாளி வீடு மாதிரி தெரியும் என்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களைப் பார்த்தவன் நான். போட்டுவிடுங்கள்.

கட்டிலிலிருந்து கழிவறை வரை சின்ன விளக்கு எரியும். ஏழரைக்குமேல் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன், அதனால் இரவில் ஒரு முறைதான் எழ வேண்டியிருக்கிறது. 10 மணிக்குப் படுக்கை.

தனியாகச் செய்ய மனம் வரவில்லை. எங்கே போகலாம்?

உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் முதியோருக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையம் இருக்கும், போய்க் கேளுங்கள். நாற்காலிப் பயிற்சி, பாட்டு, சமையல் என்று ஏதாவது நடக்கும். எங்கள் வட்டாரத்தில் சீன மூதாட்டிகள் காலையில் தைச்சி என்ற சீன உடற்பயிற்சி செய்கிறார்கள். சமநிலைக்கு அது மிக நல்ல பயிற்சி, விழுவதைக் குறைக்கிறது. மொழி தெரியாதே என்று தயங்கினேன். பின்வரிசையில் நின்று பார்த்துச் செய்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க சுகாதாரத் திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டால், முதல் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் உடம்புக்கு எது ஏற்றது என்று அங்கே கேட்கலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று நடக்காதீர்கள். காய்ச்சல் நாளில் பயிற்சி வேண்டாம்.

ஆரம்பத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். கைப்பேசியில் இளைஞர் ஒருவர் செய்வதைப் பார்த்து முதல் நாளே ஐம்பது பஸ்கி போட்டேன். மூன்று வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐந்தில் தொடங்குங்கள்.

வீட்டில் அக்காவும் செய்கிறார்களா?

என் மனைவி முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். "என்னங்க, இது ஏழுதான், பத்துன்னு ஏமாத்தாதீங்க" என்று எனக்கு எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்தாள். எண்ணுவதற்காக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள், போன தீபாவளிக்கு அப்புறம் தானும் எழுந்து உட்காரத் தொடங்கினாள், இரண்டு தலையணை போட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு. இப்போது ஒரு தலையணை. நேற்று மேசையைப் பிடிக்காமல் எட்டு முறை எழுந்தாள். எண்ணியது நான்.